நிழல்கோலும் மனைத்திசையும்: நெடுநல்வாடை உரையை முன்வைத்து

மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியில் புதுமனை கட்டுவோர்க்குத் தலைவாசல் எத்திசை நோக்குவது என்பதே முதல் வினா. அறைகளின் அமைப்பு அதன்பின் வருவது. திசையை அறியக் கைப்பேசியின் திசைகாட்டி போதும் என்று கருதுவோர் உண்டு. மனையருகே இரும்புக் கம்பிகள் அடுக்கப்பட்டிருந்தால் அது பிழைபடும். நிழலைக் கொண்டு திசையறியும் முறைக்கு அக்குறை இல்லை.

நெடுநல்வாடையின் 72 முதல் 78 வரையிலான அடிகள் அரசனுக்கு மனை வகுத்த திறத்தைக் கூறுகின்றன. இரு கோல்கள் நட்டு, நிழல் ஒருபக்கமும் சாயாத நண்பகலில் நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை கொண்டனர் என்பது அவற்றின் கருத்து. மூலத்தில் மாதப்பெயர் இல்லை. உரைகாரர் நச்சினார்க்கினியரே சித்திரையின் நடுப்பத்து நாள்களுள் ஒன்று எனக் காலத்தை வரையறுக்கிறார்.

இவ்வரையறை கவனத்திற்குரியது. மதுரையில் ஞாயிறு நேர் உச்சியில் வந்து நிழல் மறையும் நாள் இன்று ஏப்ரல் 15, 16 அளவில், அதாவது சித்திரைத் தொடக்கத்திலேயே அமைகிறது. நிராயன ஆண்டு, பருவ ஆண்டைவிடச் சற்று நீண்டது. ஆதலின் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் மாதத் தொடக்கம் பிந்திச் செல்கிறது. பின்னோக்கிக் கணித்தால், உரைகாரர் வாழ்ந்ததாகக் கருதப்படும் 14ஆம் நூற்றாண்டில் அந்நாள் சித்திரை 11, 12ஐ ஒட்டி வரும். சங்க காலத்திலோ அது அத்திங்களின் இறுதிக்கு நகரும். உரைகாரர் பழைய மரபொன்றைத் திரும்பச் சொல்லவில்லை, தம் காலத்து மதுரை வானத்தையே சொன்னார் எனக் கொள்ள இது இடந்தருகிறது.

உரையை எழுத்துப்படி நம்பி இன்று நடுச்சித்திரையில் கோல் நட்டால், நண்பகலில் ஒரு மீட்டர்க் கோலின் நிழல் தெற்கே 6 முதல் 10 செ.மீ. வரை விழும். அதனால் திசை பிழைபடாது. அந்நிழலே தென்வடல் கோடாகும். நிழலற்ற நாளில்தான் அக்கோடு கிடைக்காது! மயமதம் முதலிய சிற்ப நூல்கள் கூறும் வட்டமுறைக்கு மாதக் கட்டுப்பாடே இல்லை: கோலைச் சுற்றி வட்டமிட்டு, முற்பகலிலும் பிற்பகலிலும் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் கீழ்மேல் கோடு கிடைக்கும். நண்பகல் நிழலையே கொள்வோர் கடிகாரத்தின் 12 மணியை நம்பலாகாது. டி. கல்லுப்பட்டியில் ஏப்ரல் நடுவில் ஞாயிறு உச்சங்கொள்வது ஏறத்தாழ 12.19க்கு.

அறை வகுப்பிலும் இவ்வானியல் பயன்படும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகல் வெயில் வடபுறத்திலிருந்து வருவதால், தென்புறத் தாழ்வாரம் மட்டும் போதாது. வடசுவருக்கும் இறவாணம் வேண்டும். பிற்பகல் வெயிலைத் தாங்கும் மேற்குச் சுவரையொட்டிப் படுக்கையறையை விடப் படிக்கட்டும் சாமான் அறையும் அமைவது தகும்.