மகாவலிக் கரையில் தூண்டில்

கண்டி மாநகரின் நடுவே விளங்கும் ஏரியில் தூண்டில் இடுதல் தடுக்கப்பட்டுள்ளது. எனினும், தூண்டில் வித்தையில் தேர்ச்சி பெற விரும்பும் ஒருவர் முதன்முதலாகச் செல்லவேண்டிய பாடசாலை அந்த ஏரிக்கரையே என்பேன். கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் வயல் நிலத்தை மறித்து உண்டாக்கிய நீர்நிலை அது. மரநிழல் கவிந்த அதன் சுற்றுப்பாதையிலே காலை ஆறு மணியளவில் கையில் எதுவுமின்றி ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மீன்கள் ஏரி முழுவதும் பரந்து திரிவதில்லை என்பது முதலிற் புலப்படும். சில இடங்களிற் கூட்டமாய் நிற்கும். பல இடங்கள் வெறுமையாய்க் கிடக்கும். கரைச் சுவரின் அடி, மரக்கிளை தாழ்ந்த நிழல், காற்று சருகுகளை ஒதுக்கும் மூலை ஆகியவையே அவை விரும்பும் இடங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்பவரோடு உரையாடலாம். மீன்கள் பெரும்பாலும் பொருட்படுத்தா. ஆனால் நீர்மேல் உங்கள் நிழல் விழுந்தாலோ, கரையிலே கால் அழுத்தமாய்ப் பதிந்தாலோ கணத்தில் ஆழத்திற்குச் சென்றுவிடும். காற்றில் எழும் பேச்சொலி நீருக்குள் மிகச் சிறிதே புகும். நிலத்தின் அதிர்வோ நேரே புகும். மீனின் உடலில் இருபுறமும் செவுள் முதல் வால்வரை ஓடும் மெல்லிய கோடு ஒன்றுண்டு. நீரின் நுண்ணிய அசைவை அது அக்கோட்டினால் உணர்கிறது.

இவ்வளவும் எனக்குப் பிந்தியே விளங்கிற்று. பல ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டுக் கோலும் பளபளக்கும் ரீலும் வாங்கிக்கொண்டு பேராதனைப் பாலத்திற்குக் கீழே மகாவலி கங்கைக் கரைக்குச் சென்றேன். என் வலிமையைக் காட்டி ஆற்றின் நடுவரை எறிந்தேன். இரண்டு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. சற்றுத் தள்ளிக் கம்பளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர், கித்துள் மட்டையைச் சீவிச் செய்த கோலும் மண்புழுவுமாக அமர்ந்திருந்தார். அவருடைய பையில் நான்கு மீன்கள் இருந்தன. நான் வெட்கத்தை விட்டுக் காரணம் வினவினேன். "தம்பி, நீங்க ஆத்து நடுவுக்கு எறியுறீங்க, மீன் உங்க காலடியில நிக்குது" என்றார். நான் குனிந்து பார்த்தேன். கரை சரிந்து வேர்கள் தொங்கிய இடத்தில், நான் நின்று மிதித்த மண்ணின் கீழே, நீர் சுழன்று அமைதியாய்க் கிடந்தது. ஓட்டத்தை எதிர்த்துச் சக்தியை வீணாக்காமல், அது கொண்டுவரும் இரையை எதிர்பார்த்து மீன் ஒதுங்கும் இடம் அதுவே. கல்லின் பின்புறம், இரு நீரோட்டங்கள் கூடும் விளிம்பு, ஆழமும் ஆழமின்மையும் சந்திக்கும் வரம்பு என இத்தகைய ஒதுக்கிடங்களைக் கண்டறிவதே இவ்வித்தையின் பெரும் பகுதி. கோலும் நூலும் அதற்குப் பின்னரே வருவன.

தூண்டில் நமக்குப் புதியதன்று. வள்ளுவர் சூதாட்டத்தில் வரும் வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிட்டார் என்றால், கேட்போர் யாவரும் தூண்டிலை அறிந்திருந்தனர் என்பது வெளிப்படை. அதை ஒரு விளையாட்டாகக் கொண்டு விரித்துரைத்த நூலும் பழமையானதே. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசத்தில், அரசருக்குரிய விநோதங்களுள் ஒன்றாக மீன்பிடி கூறப்பட்டுள்ளது. பிற்காலத்தில் சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தோமஸ் 1873இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். நம் மலைநாட்டில் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டிரவுட் மீனை நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிற் கொணர்ந்து விட்டனர். அவர்களுக்கு இங்குள்ள மீன் போதவில்லை போலும்!

இக்காலத்தில் தூண்டில் விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரிதும் பேசுவது 'பாஸ்' என்னும் அமெரிக்க நன்னீர் மீனைப் பற்றியே. புதர் மறைவிற் பதுங்கியிருந்து, மேலே செல்லும் தவளையையும் சிறு மீனையும் பாய்ந்து கவ்வும் இயல்பினது அது. கண்டியில் வாழ்பவருக்கு அந்த மீன் கிட்டாவிட்டாலும் குறையொன்றுமில்லை. அதே இயல்புடைய விரால் நம் குளங்களிலும் தேக்கங்களிலும் இருக்கிறது. பாஸ் பிடிக்கக் கூறப்படும் உபாயங்களுட் பல சிறு மாற்றத்துடன் விராலுக்கும் பொருந்தும்.

விராலைத் தேடுவோருக்கு அதுவே ஓர் உதவி செய்கிறது. அதன் தலையினுள்ளே செவுளுக்கு மேல் காற்றை ஏற்கும் அறை ஒன்றுண்டு. ஆகவே அது இடைக்கிடை மேலே வந்து காற்றை விழுங்கியே ஆகவேண்டும். தாமரையிலைகளுக்கு இடையே ஒரு வளையம் எழுந்து அடங்கினால், அங்கே விரால் இருத்தல் கூடும். அந்த வளையத்தின் மேலேயே இரையை எறிதல் பழகாதவர் செய்யும் பிழை. அதற்கு அப்பால் எறிந்து, பாசியின் மேலாக ரப்பர்த் தவளையை மெல்ல இழுத்து, வெளிநீர் தெரியும் இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். நீர் வெடித்தாற்போல் விரால் எழும்போது உடனே கோலை வெட்டி இழுத்தால், தவளை மட்டுமே திரும்பிவரும். ஒன்று, இரண்டு என எண்ணுங்கள், நூலில் மீனின் பாரம் கைக்குத் தெரியட்டும், பின்னர் இழுங்கள். இந்த இரண்டு எண்ணிக்கையைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன என்பதை மறைக்க விரும்பவில்லை.

முள்ளைக் கட்டும் முடிச்சையும் வீட்டிலிருந்தே பழகலாம். தங்கூசி நூலை முள்ளின் காதிற் கோத்து, நூலோடு நூலாய் ஐந்து முறை முறுக்கி, நுனியைக் காதருகே உள்ள கண்ணியிற் புகுத்தி, எச்சிலால் நனைத்து இறுக்குக. நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டினால் நூல் வலிமை இழக்கும். பெரிய மீன் போனது நூலின் குற்றம் என்று சொல்லுவோர் பலர். பெரும்பாலும் அது முடிச்சின் குற்றமே. எறியும் குறியைப் பயில முற்றத்திலே ஒரு தட்டை வைத்து, முள் இல்லாத ஈயக்குண்டை எறிந்து பழகினாற் போதும்.

இனி நம் நீர்நிலைகளின் இன்றைய நிலையைச் சிறிது கூறவேண்டும். 335 கிலோமீட்டர் நீளமுள்ள மகாவலி, கண்டியை மூன்று புறமும் வளைந்து ஓடுகிறது. அந்த ஆறு நம் பாட்டனார் கண்ட ஆறன்று. 1976இல் பொல்கொல்லையில் எழுந்த அணை அதன் நீரின் ஒரு பகுதியைச் சுரங்கவழியாக வடக்கே திருப்பிற்று. 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும் செயற்படத் தொடங்கின. பாய்ந்த ஆறு பல இடங்களில் நின்ற நீராயிற்று. நின்ற நீரை விரும்பும் திலாப்பியா பெருகிற்று. 1952இல் ஆபிரிக்க இனமாகிய அதனை உணவுக்கென இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர். ஆனால் மகாசீர் என்னும் பெருங்கெண்டைக்கு ஓடும் நீரும் கல்லும் வேண்டும். வெள்ளம் வரும்போது ஆற்றை எதிர்த்து மேலேறிச் சரளைக்கல் நிலத்தில் முட்டையிடும் இனம் அது. மேலேறும் வழியில் உயர்ந்த சுவர் நின்றால் அது என் செய்யும்? ஆற்றில் மணல் அள்ளுதலும் அதன் முட்டையிடும் இடங்களைக் குலைக்கிறது. தூண்டிற்காரருள் மகாசீரைப் பிடித்தவர் அதன் பாய்ச்சலை வாழ்நாளில் மறப்பதில்லை. துங்கை நதிக்கரையில் சிருங்கேரி மடத்தின் படித்துறையில் இவ்வினத்து மீன்களுக்கு மக்கள் பொரியிடுகின்றனர். அங்கே எவரும் தூண்டில் போடுவதில்லை.

விக்டோரியாத் தேக்கத்தின் அடியிலே பழைய தெல்தெனியா நகர் கிடக்கிறது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது அதன் சுவர்களும் வீதியும் வெளிப்படும். அந்த நாட்களில் அங்கு பிறந்த முதியவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. தூண்டிற்காரனும் அப்போது சென்று, எங்கே சுவர், எங்கே மேடு, எங்கே பழைய ஓடை என்று குறித்துக்கொள்ளலாம். நீர் மீண்டும் ஏறியபின் மீன் ஒதுங்கும் இடங்கள் அவையே. ஒருவர் தம் வீட்டுத் திண்ணையை இழந்த இடத்தில் நாம் விரால் தேடுகிறோம் என்ற நினைவோடு அங்கே நடப்பது நன்று. அத்தேக்கத்தைச் சூழ்ந்த நிலத்தின் பெரும்பகுதி 1987இல் சரணாலயமாக்கப்பட்டது. எங்கே தூண்டில் இடலாம், எங்கே இடலாகாது என்பதை அதிகாரிகளிடம் கேட்டறிந்த பின்னரே செல்லுங்கள்.

ஒருமுறை அத்தேக்கத்தின் சிறு குடா ஒன்றில் நான் செய்த செயலையும் கூறிவிடுகிறேன். நீர்மேல் செந்நிறமாய் ஒரு திரள் அசைந்துகொண்டிருந்தது. அது விராற் குஞ்சுகளின் கூட்டம் என்பதை அறிவேன். தாய் தந்தை விரால்கள் கீழே காவல் நிற்கும் என்பதையும், குஞ்சுகளை அணுகும் எதனையும் பசியில்லாமலே தாக்கும் என்பதையும் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அத்திரளின் மேல் தவளையை இழுத்தேன். முதல் எறிதலிலேயே இரண்டு கிலோவுக்குக் குறையாத விரால் அகப்பட்டது. அதைப் பையில் இட்டு, மகிழ்ச்சியோடு புகைப்படமும் எடுத்தேன். பிறகு நீரைப் பார்த்தேன். கரையோரத்துச் சிறு மீன்கள் ஒவ்வொன்றாய் அத்திரளுக்குட் பாய்ந்து மீண்டன. தடுக்க ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரத்தில் ஒரு பாய் அளவிருந்த செந்நிறம் கையகலமாயிற்று. அன்று வீட்டில் சமைத்த குழம்பு நன்றாகவே இருந்தது, நான் உண்ணவில்லை. அதன்பின் குஞ்சுத் திரளைக் கண்டால் வேறிடம் செல்கிறேன். அந்தத் தாக்குதலைப் பிடிப்பதிற் கெட்டித்தனம் ஏதுமில்லை. பசியால் எழும் மீனை ஏமாற்றுவதே வித்தை.

பிடித்த மீனை எல்லாம் திரும்ப விடவேண்டுமா என்று கேட்பீர்கள். அது மீனையும் நீரையும் பொறுத்தது. யப்பானின் பிவா ஏரியில் அமெரிக்க பாஸ் புகுந்து பெருகியதால், அங்குள்ள சீகா மாகாணம் பிடித்த பாஸை ஏரியில் மீண்டும் விடலாகாது என்று 2003 முதல் விதித்துள்ளது. அதே ஏரியில்தான் 2009இல் உலகின் மிகப் பெரிய பாஸுக்கு இணையான மீனும் அகப்பட்டது! நம் நாட்டிலே திலாப்பியாவைத் தயக்கமின்றிக் கறிக்கு எடுங்கள்; தேக்கங்களை அண்டி வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே மலிவான உணவு. விராலில் உண்ணும் அளவுக்கு ஒன்று போதும். மகாசீரை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் உயிரையும் பற்றி ஒரு சொல். மேலேயுள்ள தேக்கங்களிலிருந்து நீர் விடப்படும்போது மழை பெய்யாமலே ஆறு விரைந்து உயரும். காலருகே ஒரு கல்லைக் குறித்து வைத்து அடிக்கடி பாருங்கள். அது மூழ்கத் தொடங்கினால் கோலை விட்டாவது கரையேறுங்கள். மணல் அள்ளிய குழிகள் கண்ணுக்குத் தெரியா. ஆற்றில் இறங்கி நிற்பது வேண்டாம். கண்டியில் ஒக்டோபர், நவம்பர் மழைக்கலங்கலில் வீட்டிலிருந்து முடிச்சுப் பழகுவதே நன்று. பெப்ரவரி, மார்ச்சில் நீர் தெளியும்போது செல்லலாம். ஒரு சிறு குறிப்பேட்டில் நாள், நேரம், நீரின் நிறம், மட்டம், அகப்பட்டது எது என்பவற்றை எழுதி வாருங்கள். ஒன்றும் அகப்படாத நாளையும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் அந்நாட்களே மிகுதி. எனக்கு மிகுதியாய்க் கற்பித்தவையும் அவையே.

மீனை விடும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். முள்ளின் கொக்கியை முன்னரே குறட்டால் நசுக்கிவிட்டால் எளிதிற் கழலும். கையை நனைத்த பின்னரே தொடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். செவுளுக்குள் விரலிடாதீர்கள், மணலிற் புரளவும் விடாதீர்கள். கரையோர ஆழமற்ற நீரில், தலை ஓட்டத்தை எதிர்நோக்கும்படி வயிற்றடியில் மெல்லத் தாங்குங்கள். வாலை அடித்துத் தானே கையைவிட்டு நழுவும்வரை காத்திருங்கள். நெடுநேரம் போராடிய மகாசீருக்குச் சிலவேளை ஐந்து நிமிடங்களும் செல்லும்.