புகை அடங்கிய பின்

2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூர் பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் அலுவலகக் கட்டிடம் தீப்பற்றியது. ஒன்பது பேர் மாண்டனர். புகைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்தோரும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் இத்தகைய மாடிகளில்தான் வேலை பார்க்கிறார்கள்.

தீயில் தப்பியவரும் மறுபடி வேலைக்குப் போயாக வேண்டுமே! அப்படிப்பட்டவர் லிப்டில் ஏறத் தயங்கலாம். கருகல் வாடைக்கே எழுந்து ஓடலாம். இது மனக்காயம். நம்மவர்களோ நடிப்பு என்பார்கள். "மறந்துட்டு வேலையப் பாருப்பா" என்றால் ஆறிவிடுமா?

கடைக்காரனாகச் சொல்கிறேன், இதற்குப் பெரிய செலவில்லை. கதவருகே இடம் கொடுங்கள். தீயணைப்பு ஒத்திகை மணி அடிக்குமுன் சொல்லிவிடுங்கள். நடந்ததைத் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம்; அவராகச் சொன்னால் கல்லாவரைக்கும் பரப்பவும் வேண்டாம். விபத்தில் சிக்கிய பஸ் டிரைவரை, கேளாமலே மறுநாள் அதே ரூட்டில் அனுப்புவதும் கொடுமைதான்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் ஓசூர் சாலை நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணில் இரவு பகலாக, கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். அந்த எண்ணைக் கடைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.