வீட்டு வெல்டிங் யந்திரமும் மின்னோட்ட அளவும்

புதுதில்லியில் உள்ள லக்ஷ்மிபாய் நகர், மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் நிறைந்த பகுதியாகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று அங்கே இருப்பதால், தலைநகர்த் தமிழர்களுக்கு அது நன்கு அறிமுகமான இடம். அத்தகைய குடியிருப்புகளில், பூந்தொட்டி தாங்கியின் கால் விட்டுப்போவதும் துணி உலர்த்தும் கம்பியின் கொக்கி உடைவதும் அன்றாட நிகழ்ச்சிகள். முன்பெல்லாம் இவற்றைப் பட்டறைக்குத் தூக்கிச் செல்வதே வழி. இப்பொழுதோ, சில கிலோ எடையே உள்ள இன்வெர்ட்டர் வெல்டிங் யந்திரம் நடுத்தரக் குடும்பத்தினரும் வாங்கத்தக்க விலையில் கிடைக்கிறது. அதை வாங்கியவர் முதலில் கேட்பது, “குமிழை எந்த எண்ணில் வைப்பது?” என்பதே.

அதற்குரிய விடையை யந்திரத்திடம் தேடுவதைவிட இரும்பினிடம் தேடுவது நன்று. முதலில் இரும்பின் கனத்தை அளந்தறிய வேண்டும். கனத்துக்கேற்ற ராடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ராடுக்கேற்ற மின்னோட்டத்தை அதன் பின்னரே அமைக்க வேண்டும். சாதாரண 6013 வகை ராடில், 2 மில்லிமீட்டர் பருமனுக்கு ஏறக்குறைய 40 முதல் 65 ஆம்பியரும், 2.5 மில்லிமீட்டருக்கு 60 முதல் 95 ஆம்பியரும் பொருந்தும். ராடின் பெட்டியிலேயே இவ்வளவு அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுச் சாமான்களின் சதுரக் குழாய்கள் பல 2 மில்லிமீட்டர் கனத்துக்கும் குறைந்தவை. ஆதலின், மெல்லிய ராடும் அதன் கீழ் எல்லையை ஒட்டிய அளவுமே தொடக்கத்துக்கு ஏற்றவை.

யந்திரத்தின் மீது ‘200’ என்று பெரிதாக எழுதியிருப்பதைக் கண்டு மயங்கலாகாது. 200 ஆம்பியரில் மின்வில்லின் அழுத்தம் சுமார் 28 வோல்ட். பெருக்கினால் 5600 வாட். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் ஸாக்கெட்டோ, 230 வோல்ட்டில் 3680 வாட்டுக்கு மேல் தாராது. 80 ஆம்பியரில் வில்லுக்கு வேண்டியது 1850 வாட் அளவே. யந்திரத்தின் நஷ்டங்களைச் சேர்த்தாலும் அவ்விணைப்பு பெரும்பாலும் தாங்கும். விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் ஸாக்கெட்டில் இதை மாட்டுவதும், ஃபியூஸ் போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவதும் சுவருக்குள்ளிருக்கும் கம்பிக்கே தீ வைப்பதாகும்.

சில யந்திரங்களில் வேறு இரு குமிழ்களும் உண்டு. ‘ஹாட் ஸ்டார்ட்’ என்பது, ராடை உரசும் கணத்தில் மின்னோட்டத்தைச் சற்றே உயர்த்தி, அது ஒட்டிக்கொள்ளாமல் காப்பது. மெல்லிய தகட்டில் இதைக் குறைத்து வைக்காவிடில் தொடக்கத்திலேயே ஓட்டை விழும். ‘ஆர்க் ஃபோர்ஸ்’ என்பது, ராடு இரும்பை மிக நெருங்கும்போது மின்னோட்டத்தைக் கூட்டுவது. இதற்கும் மெல்லிய தகட்டில் குறைந்த அளவே போதும். 6013 ராடு இரு முனைகளிலும் எரியும். மெல்லிய தகட்டுக்கு ராடை எதிர்முனையில் மாட்டினால், உருக்கம் ஆழமாகப் பாய்ந்து துளைப்பது குறையும். மற்றொரு கம்பியின் கவ்வி பிடிக்கும் இடத்தில் வர்ணமும் துருவும் இருந்தால் எந்த அளவும் பயன் தராது; அவ்விடத்தைச் சுரண்டித் தூய்மை செய்தல் அவசியம்.

திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையைச் சார்ந்து, 1975-ஆம் ஆண்டில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்றியது. கொதிகலன் போன்ற வேலைகளில் ராடு, மின்னோட்டம், முனை ஆகியவற்றை முன்னரே எழுதி, மாதிரித் துண்டில் சோதித்த பின்னரே இணைப்பைத் தொடங்குவர். வீட்டிலும் இம்முறை நன்று. அதே கனமுள்ள இரு துண்டுகளைச் செங்குத்தாகச் சேர்த்துப் பாருங்கள். உருக்கம் கயிறு போல மேலே குவிந்து, ராடு ஒட்டிக்கொண்டே இருந்தால் மின்னோட்டம் குறைவு. பொறி மிகப் பறந்து, ஓரங்கள் அரிக்கப்பட்டு, ராடே சிவந்தால் மிகுதி. அளவு சரியானால் அப்பளம் பொரிவது போன்ற சீரான ஓசை கேட்கும். ஐந்தைந்து ஆம்பியராக மாற்றி இதைக் கண்டறியலாம். கசடு நீக்கி, துண்டைச் சம்மட்டியால் மடக்குங்கள். இணைப்பு சுத்தமாகப் பெயர்ந்து வந்தால், அது பிடிக்கவில்லை. மேலே படிந்திருந்தது அவ்வளவே.

யந்திரத்தின் வேலை விகிதம் பத்து நிமிஷக் கணக்கில், 40 டிகிரி வெப்பத்தில் குறிக்கப்படுவது. 60 சதவீதம் என்றால் ஆறு நிமிஷ வேலை, நான்கு நிமிஷ ஓய்வு. மே, ஜூன் மாதங்களில் தில்லியின் வெப்பம் அவ்வெல்லையைக் கடப்பதுண்டு. அப்பொழுது ஓய்வை நீட்டிக்க வேண்டும்.

பத்தாம் எண் கறுப்புக் கண்ணாடியுள்ள முகமூடியின்றி வில்லை நோக்கலாகாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை அகற்றிவிடுங்கள். கண்ணுக்கு நேரும் தீங்கு சில மணி நேரம் கழித்தே வலியாகத் தெரியும். நாகம் பூசிய குழாயின் புகை காய்ச்சல் தரும். பூச்சை நீக்கி, திறந்த வெளியில் வேலை செய்க.

பூந்தொட்டி தாங்கியில் கற்கலாம். ஆனால் குழந்தை சாய்ந்து நிற்கும் பால்கனிக் கிராதியைத் தேர்ந்த தொழிலாளியிடமே ஒப்படைத்தல் வேண்டும். பளபளப்பான தையல் பலமான தையலாக இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை.