விறகுக்குப் போகும் சீமைக்கருவேலத்தில் அருவாமணையும் பல்லாங்குழியும்!
சின்ன மெஷின்களோடு தொடங்கலாம் மரவேலை

மதுரையிலிருந்து திருமங்கலம், கல்லுப்பட்டி பக்கமோ, மானாமதுரை, சிவகங்கை பக்கமோ பஸ் ஏறினால் போதும். கண்மாய்க்கரை, தரிசு, வேலியோரம் என்று சீமைக்கருவேலம் கூடவே வரும். வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்று ஊருக்கு ஒரு பெயர். திட்டாத விவசாயி கிடையாது. 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த கடப்பா பகுதியில் நட்டார்கள். விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பச்சையாக்கவும் வந்த மரம், பிறகு நிலத்தையே எடுத்துக்கொண்டது. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் ஊர் ஊராக பொக்லைன் இறங்கியது பலருக்கும் நினைவிருக்கும். 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

அகற்றத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் கரிமூட்டத்துக்கு, இல்லையென்றால் விறகுக்கு. தூரோடு தோண்டி எடுக்கும் பொக்லைன் வாடகை, எடை போட்டுக் கிடைக்கும் விறகுக் காசைவிடக் கூடுதலாகிவிடுவதால், 'இருக்கட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. அந்த அடுத்த வருஷத்துக்குள் ஆடும் மாடும் நெற்றைத் தின்று, சாணத்தில் விதையைப் பக்கத்து வயலுக்கும் கொண்டுபோய்விடும்.

இதே இன மரங்களை அர்ஜென்டினாவில் கதவு, ஜன்னல், மேஜைக்குப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 'மெஸ்கீட்' என்ற பெயரில் தரைப்பலகை, நாற்காலி, காய்கறி நறுக்கும் பலகை என விலை உயர்ந்த பொருள்களாகின்றன. சீமைக்கருவேலம் பற்றி 2001-ல் இங்கிலாந்திலிருந்து வந்த விரிவான ஆய்வு நூலில், ஜோத்பூரின் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் பங்கேற்றிருக்கிறார்கள். மரவேலைக்கு இந்த மரத்தின் பெரிய பலம், காயும்போது மிகக் குறைவாகவே சுருங்குவது. செய்த பொருள் எளிதில் கோணாது. வைரப்பகுதி செம்பழுப்பு நிறத்தில், எண்ணெய் பட்டதும் பளிச்சென்று மாறும்.

குறையும் உண்டு. நேராக வளராது, பருக்காது, முடிச்சு அதிகம். கட்டிலுக்கோ நிலைக்கதவுக்கோ ஆகாது. இரண்டடி, மூன்றடித் துண்டுகள்தான் கிடைக்கும். அதனால்தான், வீட்டில் ஒரு டிரில் மெஷினை வைத்துக்கொண்டு புதிதாக மரவேலை பழகுகிறவர்களுக்கு இது ஏற்ற மரமாக இருக்கிறது. துண்டு கெட்டுப்போனாலும் நஷ்டம் அடுப்பு வரைதான்.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் பட்டா நிலத்து மரத்தை மட்டும் தொடுங்கள். கண்மாய், ஊருணி, புறம்போக்கில் நிற்பவை ஏலத்துக்கு உரியவை.

அடிமரம் குறைந்தது அரையடி விட்டமாவது இருக்க வேண்டும். வெளியே உள்ள வெளிர்மஞ்சள் பகுதியை உளுப்பூச்சி விரும்பித் தின்னும். விறகுக் குவியலின் அடியில் மாவு போலக் கொட்டிக் கிடப்பது அதன் வேலைதான். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் வைரம். ஒல்லியான மரத்தில் வைரம் விரல் கனம்கூட இருக்காது; அதை விறகுக்கே விடலாம்.

வெட்டிய அன்றே பட்டையை உரித்துவிடுங்கள். இரண்டு முனைகளிலும் மிச்சமிருக்கும் பழைய பெயிண்டைப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும். பச்சையாக இருக்கும்போதே அறுவை மில்லுக்குக் கொண்டுபோவது நல்லது, காய்ந்தால் இரும்பாகிவிடும். வேலியில் நின்ற மரமாக இருந்தால் உள்ளே முள்கம்பியோ ஆணியோ புதைந்திருக்கும். மில்காரர் தயங்குவது அதற்குத்தான். அடியிலிருந்து நான்கடி வரை நன்றாகப் பார்த்து, சந்தேகமான துண்டை ஒதுக்கிவிட்டுக் கொடுத்தால் மறுக்க மாட்டார். 30 மி.மீ. கனம், அருவாமணைக்கு மட்டும் 45 மி.மீ. என்று சொல்லி அறுத்து வாங்குங்கள்.

பலகைகளை நிழலில், தரைக்கு ஓரடி உயரத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, இடையில் ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்க வேண்டும். மேலே பாரம் வையுங்கள். மதுரை வெயிலுக்கு ஓரங்குலப் பலகை மூன்று, நான்கு மாதத்தில் வேலைக்குத் தயாராகும், 45 மி.மீ. கனத்துக்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். மாதத்தை எண்ணுவதைவிட ஒரு சுலபமான வழி: ஒரு பலகையில் குறி போட்டு, 15 நாளுக்கு ஒருமுறை தராசில் வைத்து எடையை எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. இந்தப் பொறுமை இல்லாமல் போவதால்தான் முதல் முயற்சிகள் பெரும்பாலும் வெடித்துப்போகின்றன.

எந்த மெஷின் முதலில்?

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள டிரில் மெஷின் ஒன்று. அதோடு வளைவு வெட்ட ஜிக்சா, தேய்க்க சாண்டர். இந்த மூன்றும் போதும். மூன்றையும் ஒரே நாளில் வாங்கவும் தேவையில்லை. டிரில்லோடு ஆரம்பித்து, அறுப்பதற்குக் கை ரம்பமும் தேய்ப்பதற்கு உப்புத்தாளும் வைத்துக்கொண்டாலே முதல் பொருளைச் செய்துவிடலாம். மூலைமட்டம் ஒன்று, பலகையை மேஜையோடு இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டு அவசியம். கிளாம்ப் வாங்கத் தயங்கி, காலால் மிதித்துக்கொண்டு துளை போடுவது நம் ஊர்ப் பழக்கம். பிட் மரத்தில் சிக்கினால் பலகை சுழன்று கணுக்காலை அடிக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்பு வெட்டும் ஏஜி-4 கிரைண்டர் பல வீடுகளில் இருக்கும். அதில் பல் வைத்த மர பிளேடை மாட்டி அறுப்பது சாதாரணமாகிவிட்டது. அந்த மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். பல் மரத்தில் கடித்துக்கொண்ட நொடியில் மெஷின் கையிலிருந்து எகிறும். பிளேடு பெரிதாக இருக்கிறதென்று காப்பு மூடியைக் கழற்றியிருந்தால், அது வந்து நிற்கும் இடம் விரலோ முகமோ தொடையோதான். முடிச்சு நிறைந்த கருவேலத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். கிரைண்டரில் மர பிளேடு வேண்டவே வேண்டாம். நேர்வெட்டை மில்லில் முடித்துக்கொள்ளுங்கள், மிச்சத்துக்குக் கை ரம்பமும் ஜிக்சாவும் போதும்.

தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, கையில் வளையல் இல்லாமல் வேலைக்கு உட்காருங்கள். சுற்றும் மெஷினில் கையுறையும் கூடாது. நூல் சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். இந்த மரத்தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும். வெட்டும்போது முள் ஆழமாக ஏறினால் வீங்கிச் சீழ் பிடிக்கும், உள்ளே ஒடிந்த முள்ளோடு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் பொருள்: அருவாமணை

களைக்கொத்துக்குப் பிடி செதுக்குவதைப் பலரும் ஏற்கெனவே செய்திருப்பீர்கள். அது கை பழக நல்லது. முறையாகச் செய்யும் முதல் பொருளாக அருவாமணைப் பலகையை எடுத்துக்கொள்ளலாம். அலகு நன்றாக இருந்தும், பலகை உளுத்ததால் பரணில் கிடக்கும் அருவாமணை அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு.

அலகில் கோணித்துணி சுற்றிக் கட்டிவிட்டுப் பழைய பலகையைக் கழற்றுங்கள். அதன் நீள அகலமே உங்களுக்கு அளவு. உட்கார்ந்து அரிபவரின் பழக்கத்துக்கு அமைந்தது அது, மாற்ற வேண்டாம்.

அந்த அகலத்துக்கு ஒரே துண்டில் வைரம் கிடைப்பது அபூர்வம். இரண்டு துண்டுகளை ஒட்ட வேண்டியிருக்கும். ஒட்டும் ஓரங்கள் இடைவெளி இல்லாமல் பொருந்த, ஆசாரிகள் கையாளும் வழி ஒன்று உண்டு: புத்தகத்தை மூடுவதுபோல இரண்டு பலகைகளையும் முகத்தோடு முகம் சேர்த்து இறுக்கி, இரண்டு ஓரங்களையும் ஒன்றாக இழைப்பார்கள். இழைப்புளி கொஞ்சம் சாய்ந்தாலும், விரித்து வைக்கும்போது ஒரு பக்கச் சாய்வு மறுபக்கச் சாய்வுக்குச் சரியாகிவிடும். தண்ணீர் தாங்கும் வகைப் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். நீளமான கிளாம்ப் இல்லாவிட்டால் கயிற்றைச் சுற்றி, கயிற்றுக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பு அடித்தாலும் இறுகும்.

45 மி.மீ. கனத்தை ஜிக்சா அறுத்துவிடும். ஆனால் பிளேடு வளைந்து அடிப்பக்கம் கோணலாகும். எனவே நீள அகலத்தைக் கை ரம்பத்தால் வெட்டி, மூலைகளை மட்டும் அரத்தால் உருட்டுங்கள்.

அலகின் இரும்புக் காலைத் திருகாணியால் பிடிக்காமல் 6 மி.மீ. போல்ட்டால் பிடிப்பது உறுதி. போல்ட்டின் நட் பலகைக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தால் அருவாமணை ஆடும். ஆடும் அருவாமணை கையை வெட்டும். அதனால் முதலில் அடிப்பக்கம் 20 மி.மீ. பிட்டால் 10 மி.மீ. ஆழத்துக்குக் குழி, பிறகு அதன் நடுவில் 6.5 மி.மீ. துளை. வரிசையை மாற்றிச் சின்னத் துளையை முதலில் போட்டால், பெரிய பிட்டின் கூர்முனை பிடிக்க மரம் இருக்காது, குழி நடுவை விட்டு விலகிவிடும்.

80, 120, 220 என்ற எண் வரிசையில் உப்புத்தாளை, மர ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கடைசியாக எண்ணெய். நல்லெண்ணெய் பூசுவார்கள், அது சரியாகக் காயாமல் பிசுபிசுத்து, கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் தானே காய்ந்து மரத்தோடு இறுகும். கலப்பில்லாத சுத்தமான எண்ணெயாக வாங்கி, மெல்லிசாகப் பூசித் துடைத்து, மூன்று நாள் இடைவெளியில் மூன்று முறை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

அடுத்தது: பல்லாங்குழி

14 குழிகள், ஒரு வரிசைக்கு ஏழு. பலகை 355 மி.மீ. நீளம், 125 மி.மீ. அகலம், 25 மி.மீ. கனம். குழிகளின் மையங்களுக்கு இடையே 45 மி.மீ., இரண்டு வரிசைகளுக்கும் இடையே 50 மி.மீ. என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். சமையலறை அலமாரிக் கதவுகளின் ஆட்டோ கீலுக்குக் குழி போடும் 35 மி.மீ. பிட் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். குறைந்த வேகத்தில், கொஞ்சம் இறக்கி, தூளை எடுத்துவிட்டு மறுபடி இறக்கி, 15 மி.மீ. ஆழத்தோடு நிறுத்துங்கள். பிட்டில் அந்த உயரத்தில் டேப் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குத் தெரியும். புகை வந்தால் வேகம் அதிகம் அல்லது பிட் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். குழியின் விளிம்பை உப்புத்தாளால் உருட்டிவிட்டால் விரல் வழுக்கிப் போகும்.

இந்த அளவுக்கு மஞ்சாடி முத்து சரியாக இருக்கும். குன்றிமணி வேண்டாம், விஷம். மஞ்சாடியையும் வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

வாசகர்களுக்கு எழும் சந்தேகங்கள்

பம்ப்செட் அறையில் இலவச மின்சாரம் இருக்கிறது. அங்கேயே மெஷின் ஓட்டலாமா?

கூடாது. அந்த இணைப்பு விவசாயப் பயன்பாட்டுக்கு உரியது. வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அபராதம் உண்டு. வீட்டு இணைப்பில், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் வழியாக எடுங்கள். ஈரத்தரையில் நின்று மெஷினைத் தொட வேண்டாம்.

தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்கிறார்களே?

பழக்கத்தைக் கடைப்பிடிப்பதில் நஷ்டமில்லை. ஆனால் எந்தப் பிறையில் வெட்டினாலும், அன்றே பட்டை உரிப்பதும் மஞ்சள் பகுதியை நீக்குவதும்தான் நிச்சயமான காப்பு.

தேனீப் பெட்டி செய்ய இந்த மரம் ஆகுமா?

எடை அதிகம், தூக்கி மாற்றச் சிரமம். நன்றாகக் காய்ந்த, வாசனை குறைந்த, இலகுவான மரமே தேனீக்கு நல்லது. அளவு தவறினால் தேனீ அடையைச் சட்டத்துக்கு வெளியே கட்டிவிடும். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் கேட்டு, ஒரு பெட்டியை நேரில் அளந்துகொண்டு தொடங்குங்கள்.

இப்படிப் பயன் இருக்கிறதென்றால் வேலியில் நாலு மரத்தை விட்டு வைக்கலாமே?

வேண்டாம். இனிமேல் வெட்டப்போகும் மரமே உங்கள் ஆயுளுக்கு வேலை கொடுக்கும். அடிமரத்தை எடுத்த கையோடு, தூரை ஓரடி ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிடுங்கள். மேலோடு அறுத்துவிட்டால், அடுத்த மழைக்கு ஒன்றுக்குப் பத்தாகத் தளிர்க்கும். அந்தப் பத்திலும் பலகைக்கு ஆகும் கனம் வராது.