சுவரில் உப்பு பூப்பது ஏன்?

வீட்டை விற்கப் போகிறோம் என்றதும் பலர் ஓதம் ஏறிய சுவருக்குப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். இது வாங்குபவருக்குச் செய்யும் அநியாயம், பெயின்டும் நிற்காது.

செங்கல்லிலும் சிமென்ட் பூச்சிலும் நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் ஈரம் அவற்றின் வழியே சில சமயம் 1 மீட்டர் உயரம்வரைகூட ஏறும். வழியிலுள்ள உப்புகளையும் கரைத்துக்கொண்டு வரும். சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாக, உப்பு படிகமாகும். பெயின்டுக்கு அடியில் அந்தப் படிகங்கள் வளரும்போது பெயின்ட் உப்பி உதிரும். பூச்சே பெயர்வதும் உண்டு.

உப்பைத் தண்ணீர்விட்டுக் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷால் தேய்த்தெடுங்கள். குழாய்க் கசிவா, சுவரோரம் தேங்கும் மழைநீரா என்று பார்த்து, முதலில் அதை நிறுத்துங்கள். சுவர் முழுதாக உலர வாரங்கள், ஏன், மாதங்கள்கூட ஆகலாம். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.