காப்பி கழுவிய நீரை ஓடையில் விடலாமா?

கொல்லிமலையில் காப்பிப் பழத்தை அப்படியே உலர்த்திச் 'செர்ரி'யாக விற்கும் விவசாயிகளுக்குக் கழிவு நீர்த் தொல்லை இல்லை. பல்ப்பரில் தோல் நீக்கிக் கழுவி, 'பார்ச்மென்ட்' காப்பி தயாரிப்பவர்களுக்கே இக்கட்டுரை.

பழத்தோலிலும் கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பிலும் சர்க்கரையும் பெக்டினும் உள்ளன. இவை கலந்த நீர் விரைவில் புளிக்கும். அதை ஓடையில் விட்டால், சர்க்கரையை உண்ணும் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் சாகும், நாற்றம் எடுக்கும். மலை ஓடைகள் சேரும் ஐயாறுதான் ஆகாய கங்கை அருவியாக விழுந்து புளியஞ்சோலைக்கு இறங்குகிறது. அங்கும் மக்கள் இருக்கிறார்கள்.

கலங்கிய நீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேற்றான் கொட்டையைத் தேய்ப்பது நம் பழைய வழக்கம். முருங்கை விதையும் அதே வேலையைச் செய்யும். விதையிலுள்ள ஒருவகைப் புரதம் நேர்மின்னூட்டம் உடையது. அழுக்குத் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உடையவை. இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படியும். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் புண்ணாக்கிலும் இப்புரதம் உண்டு.

ஆனால் தெளிந்த நீரெல்லாம் சுத்தமான நீர் அல்ல. விதைத்தூள் மிதக்கும் கசடைத்தான் இறக்கும். கரைந்த சர்க்கரை அப்படியே நிற்கும். அளவு மீறினால் தூளே இன்னொரு கழிவு. இதை மறந்து, 'தெளிந்துவிட்டதே' என்று வாய்க்காலைத் திறந்து விடுவதில் பயனில்லை.

முதலில் தோலைச் சல்லடையில் பிரித்துக் குப்பைக் குழிக்கு அனுப்புங்கள். பல்ப்பருக்குப் பயன்பட்ட நீரையே அன்றைக்குத் திரும்பவும் பயன்படுத்தினால் கழிவின் அளவு குறையும். மிஞ்சியதைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி வெட்டிய குழியில் தேக்கி, புளிப்பு மாறும்வரை சுண்ணாம்புக் கரைசல் சேர்க்க வேண்டும். பி.எச். தாளில் 7 காட்டினால் போதும்.

விதைத்தூளின் அளவைச் சோதித்தே அறியலாம். நான்கு பாட்டில்களில் லிட்டர் வீதம் இந்நீரை நிரப்புங்கள். ஒன்றை விட்டு, மற்றவற்றில் அரை, 1, 2 கிராம் தூள் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். எந்தக் குறைந்த அளவில் தெளிகிறதோ அதுவே உங்கள் அளவு. 1 கிராம் என்றால், 1,000 லிட்டருக்கு 1 கிலோ.

தெளிந்த நீரை இரண்டாவது குழியில் விட்டுச் சாணக் கரைசல் ஊற்றி, சில வாரம் கிடக்க விடுங்கள். சர்க்கரையை நுண்ணுயிர்கள் அங்கேயே தின்று தீர்க்கட்டும்.

பீர் ஆலைக் கழிவு நீரும் இதே இனம்தான். அதிலும் சர்க்கரையும் ஈஸ்டும் மிகுதி. இலைச் சாற்றில் இரும்பு உப்பைக் கலந்து உண்டாக்கும் 'நானோ' துகள்களைக் கொண்டு இத்தகைய நீரைச் சுத்திகரிக்க ஆய்வுக்கூடங்களில் முயன்று வருகிறார்கள். நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய துகளை வேலை முடிந்ததும் நீரிலிருந்து திரும்ப எடுப்பது எளிதல்ல. வீட்டில் இலையைக் காய்ச்சி, கடையில் வாங்கிய உப்பைக் கலந்து பார்க்க வேண்டாம்.

அடியில் படிந்த கசடை உலர்த்திக் காப்பித் தோலுடன் மக்க வைக்கலாம். குழி நீரை மழை நாளில் திறந்துவிடாமல், வெயில் நாளில் சில்வர் ஓக் மரங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாய்ச்சுங்கள்.