ஒரே வீச்சில் அறுபது பேரா?

வன்னியை ஆண்ட தலைவர் பண்டாரவன்னியன் ஒரே வாள்வீச்சில் அறுபது வெள்ளைக்காரச் சிப்பாய்களை வெட்டி வீழ்த்தினாராம். இந்தக் கதையை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். கேட்கும்போதே மயிர்க்கூச்செறியும். சரி, அளவுநாடாவை எடுத்து வாருங்கள்.

வளர்ந்த ஒருவரின் தோளிலிருந்து விரல்நுனி வரை அளந்தால் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் வரும். கையில் இருப்பது 1 மீற்றர் வாள் என்று வைப்போம். வாளின் நுனி எட்டும் தூரம் 1.7 மீற்றருக்கு மேல் போகாது. இடமிருந்து வலமாக அரைவட்டம் சுழற்றினால் நுனி கடக்கும் பாதை 1.7ஐ 3.14ஆல் பெருக்கினால் கிடைக்கும்: கிட்டத்தட்ட 5.3 மீற்றர். தோளோடு தோள் ஒட்டி நின்றாலும் ஓர் ஆளுக்கு அரை மீற்றர் வேண்டும். ஆகவே அந்த வளைவில் நிற்கக்கூடியவர்கள் பத்துப் பேர். அதுவும் அவர்கள் துவக்கைக் கீழே போட்டுவிட்டு வரிசையில் காத்து நின்றால்! முதல் ஆளில் பட்டவுடனேயே வாளின் வேகம் விழுந்துவிடும் என்பதையும் சேர்த்தால் பத்தும் குறையும். அறுபது பேர் கதை இதோடு சரி.

அதற்காக வீரரே பொய் என்று ஆகிவிடாது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து முல்லைத்தீவைப் பிரித்தானியர் பிடித்தார்கள். 1803இல் அவர்கள் கண்டியோடு போரில் மாட்டிக்கொண்டிருந்தபோது, ஓகஸ்ட் 25ஆந் திகதி பண்டாரவன்னியனின் படை முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியது. அங்கிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் தன் ஆட்களோடு வள்ளமேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். இதை நம்மவர் பெருமைக்குச் சொன்னதென்று தள்ளிவிட முடியாது. பிரித்தானியரின் பதிவுகளே சொல்கின்றன. வென்றவர் கூட்டிச் சொல்லலாம். தோற்றவர் இல்லாத தோல்வியைக் கற்பனை செய்து மேலதிகாரிக்கு எழுதமாட்டார். ஆனால் அதே தோற்றவர் ‘எதிரிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள்’ என்று எழுதினால் கொஞ்சம் யோசியுங்கள். ஓடிவந்தவருக்கு அது வசதியான கணக்கு!

அடுத்த கதை, அவர் 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கொல்லப்பட்டார் என்பது. ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் பிரித்தானியர் காலத்து நினைவுக்கல் ஒன்று நின்றது. 2010இல் அதை யாரோ உடைத்துவிட்டார்கள். நல்லவேளை, படங்கள் இருக்கின்றன. கப்டன் வொன் டிறிபேர்க் இவ்விடத்தையொட்டிப் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்ற செய்தியும் திகதியும்தான் அதில் ஆங்கிலத்தில் வெட்டப்பட்டிருந்தன. கொன்றதாக ஒரு சொல் இல்லை. எதிரிப் படையின் தலைவரையே கொன்றிருந்தால், அதைச் சொல்லாமலா கல் நாட்டியிருப்பார்கள்? அவர் அன்று தப்பிப்போய் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்று ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். அந்தக் கல்லைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க் நடத்திய தாக்குதல் அதிகாலையில் திடீரென்று நடந்தது. காட்டுக்குள் இரவில் எப்படிப் படை நகர்த்தினார்கள்? இங்கே நமக்கு ஒரு சாட்சி உண்டு, அதுவும் பொய் சொல்லத் தெரியாத சாட்சி: நிலா. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரி 29.53 நாள். திகதி தெரிந்த ஓர் அமாவாசையிலிருந்து இந்தக் கணக்கில் பின்னோக்கிப் போனால், 1803 ஒக்டோபர் 31 பௌர்ணமியை ஒட்டி வருகிறது. அப்படியென்றால் விடியுமுன் மேற்கு வானத்தில் பெரிய நிலா இருந்திருக்கும். ஆனால் அது மாரி தொடங்கும் காலம். மேகம் மறைத்ததா என்பதைக் கணக்கு சொல்லாது. கணினியில் வானியல் மென்பொருள் இருந்தால் அந்தத் திகதியைப் போட்டு நீங்களே பாருங்கள்.

வவுனியா கச்சேரியடியில் பண்டாரவன்னியனின் சிலை நிற்கிறதே, அந்த முகம்? அது சிற்பியின் கற்பனை. உலகின் முதல் ஒளிப்படமே 1820களில்தான் எடுக்கப்பட்டது.

படமும் பொருட்களும் எஞ்சியிருந்தால் கதைகளை எப்படிச் சோதிக்கலாம் என்று பார்க்க அவுஸ்திரேலியாவுக்குப் போவோம். அங்கே நெட் கெலி என்றொருவன் இருந்தான். பண்டாரவன்னியன் தன் மண்ணை ஆண்ட தலைவர். இவன் வங்கிகளைக் கொள்ளையடித்தவன், பொலிசாரைக் கொன்றவன். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. ஆனால் கெலியைச் சுற்றியும் கதைகள் காடாக வளர்ந்தன, அவற்றை வெட்டித் தெளிவாக்க அறிவியலுக்குப் பொருட்கள் கிடைத்தன. அவனுடைய படம் இருக்கிறது. 1880 நவம்பர் 11இல் மெல்பேர்ண் சிறையில் தூக்கிலிடுவதற்கு முந்திய நாள் எடுத்தது. கலப்பைத் தகடுகளால் செய்த, 44 கிலோ அளவு எடையுள்ள இரும்புக் கவசம் இருக்கிறது. அவனுடைய கூட்டாளி ஒருவனின் கவசத்தைச் சிட்னிக்கு அருகே அணு ஆய்வு நிலையத்தில் சோதித்தார்கள். கொல்லன் பட்டறையின் கடும் சூட்டை அந்த இரும்பு காணவில்லை. காட்டில் மூட்டிய தீயில் காய்ச்சி அடித்திருக்கிறார்கள். 2011இல், இன்னொரு சிறையின் வளவில் தோண்டியெடுத்த எலும்புகளை அவன் சகோதரியின் வழிவந்த ஒருவரின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. அவனுடையது என்று பலர் நம்பிய மண்டையோடு மட்டும் வேறு யாருடையதோ!

பண்டாரவன்னியனுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட கல்லறை இல்லை, கவசமும் இல்லை. அதனால் எழுத்தைத்தான் நாம் சோதிக்க வேண்டியிருக்கிறது. வன்னியில் அதிகாரியாக இருந்த ஜே. பி. லூயிஸ் வன்னியைப் பற்றி எழுதிய நூல் வந்தது 1895இல், அதாவது சண்டை நடந்து 92 ஆண்டுகள் கழித்து. அவர் பழைய ஆவணங்களைப் பார்த்து எழுதியவர், கண்ணால் கண்டவர் அல்லர். பண்டாரவன்னியனுக்கும் குருவிச்சி நாச்சியாருக்கும் இடையிலான காதலும், காக்கைவன்னியன் அவரைக் காட்டிக்கொடுத்த கதையும் ஊர்க்கதையிலும் நாடகத்திலும் வாழ்பவை. முல்லைமணி எழுதிய ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தைப் பார்த்துவிட்டு அதில் வரும் வசனத்துக்கு ஆதாரம் கேட்பது அழகல்ல. நாடகத்தின் வேலை வேறு. பரீட்சைத் தாளில் அதையே வரலாறு என்று எழுதும்போதுதான் சிக்கல்.

உங்கள் அப்பப்பாவோ அம்மம்மாவோ இந்தக் கதைகளை வேறு விதமாகச் சொல்வார்களானால், ஒரு கொப்பியில் அப்படியே எழுதிவையுங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், அவர் யாரிடம் கேட்டார், நீங்கள் எழுதிய திகதி என்ன என்பவற்றையும் பக்கத்தில் குறிக்க மறக்காதீர்கள்.